மெழுகு முகம் உருகிய மதியம்

நாட்டை ஆள்பவள் எலிசபெத் என்ற பெண். ஆனால் லண்டன் மேடையில் பொய் ராணியாகக்கூட ஒரு பெண் நிற்கக் கூடாது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எங்கள் கொட்டகையில் ராணி வேஷம் போட்டவன் ஆம்புரோஸ், தினமும் தாடி மழிக்கும் இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை. அவனுக்குப் பாவாடை கட்டிவிடுவது என் வேலை. கட்டிவிட்டுக் கட்டிவிட்டே காதலும் வந்துவிட்டது.

அவன் கொட்டகை முதலாளி ஹம்ப்ரியிடம் தொழில் பழகுபவன். ஒப்பந்தம் முடிய இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை காதல், கல்யாணம் எதுவும் ஆகாது. தெரிந்தால் அவன் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு நாள் மதியம் போட்ட நாடகத்தில் ராணி பாதியில் செத்துப்போவாள். கடைசியில் போரிலிருந்து திரும்பும் அவள் கணவனும் ஆம்புரோஸ்தான், ஆள் பஞ்சம். பாடையில் கிடப்பது மெழுகு முகம் வைத்த வைக்கோல் பொம்மை. எந்தப் புண்ணியவானோ அதை வெயிலில் வைத்துவிட்டான். மூக்கு வழிந்து வாய்க்கு வந்திருந்தது.

ஹம்ப்ரி என்னைப் பார்த்தார். "நீ படு, வின்னி. பொணத்துல ஆம்பள என்ன, பொம்பள என்ன? ஆனா விரல் அசைஞ்சுது, கொட்டகைக்குப் பூட்டுதான்."

முகத்தில் வெள்ளை பூசி, நாலு பேர் என்னைத் தூக்கிப் போனார்கள். வெளியே இரண்டாயிரம் பேர். கொட்டை உடைக்கும் சத்தம் சட்டென்று நின்றது. தொப்பிகளைக் கழற்றும் சரசரப்பு மட்டும் கேட்டது. எனக்காகக் கழற்றினார்கள்! உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிணத்துக்குச் சிலிர்க்கலாமா என்று பயமாகவும் இருந்தது.

உடை மாற்றிக்கொண்டிருந்த ஆம்புரோஸிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. வந்து மண்டியிட்டு, பொம்மையின் கை என்று நினைத்து என் கையைப் பிடித்தான். என் கையின் சூடு அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் மூச்சு நின்றதை நான் கேட்டேன்.

"ரெண்டு வருசம் பொறுத்துக்கோடி. வந்துருவேன். அப்புறம் உன்ன விட்டு எங்கயும் போக மாட்டேன்."

நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. கூட்டம் விம்மியது. கடவுளே, அத்தனை பேர் முன்னால் என்னிடம் சொல்லிவிட்டான். நான் அசையவில்லை.

நாடகம் முடிந்து திரைக்குப் பின்னால் போனபோது ஹம்ப்ரி நாடகப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இறகுப் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினார்.

"இனிமே இந்த வசனமும் உண்டு," என்றார். "ஆனா மேடையில மட்டுந்தான். பொம்மையும் வேணாம்."

அந்த இரண்டு வருஷத்தில் பதினேழு தடவை செத்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் அதையே சொன்னான். ஒரு தடவைகூட நான் விரலை அசைக்கவில்லை.