வெட்டிய இரண்டு அங்குலம்

பல் டாக்டர் கோல்ஃப் கிளப்பின் பட்டறைக்குள் நுழைந்ததும் நலம் விசாரிக்கவில்லை. கையிலிருந்த கோலை மேஜைமேல் டொக்கென்று வைத்து, "ரெண்டு அங்குலம் வெட்டணும். சனிக்கிழமை போட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்குவேன்" என்றாள்.

பட்டறைக்காரி கோலைப் பார்த்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கோலைப் பார்த்தாள்.

அது ஒரு பட்டர். கோல்ஃப் ஆட்டத்தில் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பிறகு அதை மெல்ல உருட்டிவிடுகிற கோல். அந்தப் பட்டரின் தலையை ஒரு முழு இரும்புக் கட்டியிலிருந்து கடைந்து, அரம் போட்டு, பதினோரு நாள் தேய்த்து உருவாக்கியவள் பட்டறைக்காரிதான். ஒன்பது வருடங்களுக்கு முன்னால், கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தான் கட்டிக்கொள்ளப் போகிறவனின் உயரத்துக்கு அளவெடுத்து முப்பத்தைந்து அங்குலத்தில் தண்டு போட்டுக் கொடுத்தாள். இன்றைக்குக் காலையில்கூட அது வீட்டில் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இது அவரோடதாச்சே, அண்ணி."

"இங்க அண்ணின்னு கூப்பிடாத. மேடம்னு சொல்லு. மெம்பருங்க வந்து போற இடம்." பட்டறையில் அப்போது இவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை. "என் தம்பிதான் குடுத்தான். கேட்டேன், குடுத்துட்டான்."

அந்தத் தம்பி அதே கிளப்பில்தான் புதிதாக வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான். ஆள் ஆறடி. அக்கா அவன் தோளுக்கு வருவாள். போதாததற்கு இருபது வருடம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து அவளுக்கு முதுகும் வளைந்துபோயிருந்தது. நீளமான கோல் அவள் வயிற்றில் இடிக்கும் என்பது உண்மைதான். பட்டறைக்காரி அதை மறுக்கவில்லை.

அவர்களுக்குள் பகை புதிதல்ல. தம்பி ஒரு பட்டறைக்காரியைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்த அன்றே, "கை பூரா கிரீஸு, அவ சமைச்சா நீ சாப்பிடுவியா?" என்று கேட்டவள் பல் டாக்டர். கேட்டது பட்டறைக்காரியின் காதில் விழவேண்டும் என்றே கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்பது வருடத்தில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

"ரெண்டு அங்குலம் எடுத்தா தலை லேசாத் தெரியும், மேடம்" என்றாள் பட்டறைக்காரி. "கொஞ்சம் ஈயம் சேர்த்துத் தரட்டுமா?"

"ஒரு துண்டுக் குழாய் போனா கனம் குறைஞ்சிடுமா? எத்தனை கிராம் இருக்கும் அது?"

"எட்டு கிராம் இருக்கும். ஆனா கையில தெரியிறது வேற."

"எனக்குப் பாடம் நடத்தாத. வெட்டச் சொன்னா வெட்டு. வேற எதையும் தொடாத."

"சரி மேடம்."

அவள் போன பிறகு பட்டறைக்காரி கோலை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினாள். ரப்பர் பிடிக்குள் காற்றை ஏற்றி, கிழியாமல் உருவியெடுத்தாள். மேல்முனையிலிருந்து இரண்டு அங்குலம் அளந்து கோடு போட்டாள். குழாய் வெட்டுகிற கருவியைச் சுற்றச் சுற்ற, அது இரும்பைத் தின்றுகொண்டே போய், கடைசியில் துண்டு தரையில் விழுந்து உருண்டது. விளிம்பை அரத்தால் தேய்த்தாள். புதிதாக டேப் சுற்றி, பிடியை மறுபடி ஏற்றினாள். அரை மணி நேர வேலை. முடித்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். அவள் நினைத்தபடியேதான் இருந்தது. நுனியில் ஒன்றுமே இல்லாத மாதிரி, ஒரு வெறும் குச்சியை ஆட்டுகிற மாதிரி இருந்தது.

சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்கவில்லை, இனி அவள் பாடு என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தபோது மனசுக்குள் குளுகுளுவென்று இருந்ததையும் அவள் கவனிக்காமல் இல்லை.

வீட்டுக்குப் போனதும் கணவனைக் கேட்டாள்.

"ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா கேட்டா. எப்படி இல்லைன்னு சொல்றது? ஒரு குச்சிதானே" என்றான்.

"ஒரு குச்சியா?"

"அதில்ல. நான்தான் இப்பல்லாம் சொல்லிக்குடுக்கறதோட சரி, ஆடறதே இல்லையே. சும்மாதானே கெடந்துச்சு."

"சும்மா கெடக்கறதையெல்லாம் குடுத்துடலாம்னா உங்களையே முதல்ல குடுத்திருக்கணும்" என்றாள் அவள். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும். பெண்கள் பிரிவில் மூன்று வருடமாகக் கோப்பை வாங்குகிறவள் பல் டாக்டர். அன்று முதல் குழியில் நான்கடி தூரத்திலிருந்து தட்டினாள். பந்து குழியைத் தாண்டி ஆறடி ஓடியது. இரண்டாவதில் பயந்து தட்டினாள், பாதியில் நின்றுவிட்டது. தலை கனமாக இருந்தால் கோல் தன் பாட்டுக்கு ஊஞ்சல் மாதிரி போய்வரும், கை கூடவே போனால் போதும். தலை லேசானால் கையே எல்லாவற்றையும் செய்யவேண்டியிருக்கும்; மணிக்கட்டு வெடுக்கென்று திரும்பிவிடும். பத்தாவது குழிக்கு வரும்போது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பதினெட்டுக் குழியும் முடிந்தபோது கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்திருந்தாள். கடைசியாக வந்த அம்மாள் போன மாதம்தான் ஆட்டம் பழக ஆரம்பித்தவள்.

திங்கட்கிழமை காலையில் பட்டறைக்காரிக்கு ஆள் வந்தது. கமிட்டி கூப்பிடுகிறதாம்.

கமிட்டி அறையில் நீள மேஜை. நடுவில் கிளப் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். எதிரே நாற்காலியில் பல் டாக்டர், குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு. பட்டர் மேஜைமேல் கிடந்தது.

"இவ வேணும்னே செஞ்சிருக்கா" என்றாள் பல் டாக்டர். "தண்டை வெட்டச் சொன்னேன். தலையில இரும்பைக் கடைஞ்சு எடுத்துட்டா. கையில பிடிச்சாலே தெரியுது. என்மேல இருக்கிற காழ்ப்பு. இந்த மாதிரி ஆளு கிளப்புக்குள்ள பட்டறை வெச்சிருக்கணுமான்னு கமிட்டி யோசிக்கணும்."

பட்டறைக்காரி வரும்போதே தராசையும் கூடையில் இரண்டு மூன்று பொருளையும் எடுத்து வந்திருந்தாள். இப்படித்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"இந்தத் தலையை நான்தான் செஞ்சேன், ஐயா. செஞ்சப்போ எடை முந்நூத்தி நாப்பது கிராம். நோட்டுல இருக்கு." கூடையிலிருந்த சின்ன ஊதுவிளக்கால் சூடுகாட்டி, பசையை இளக்கி, தலையைத் தண்டிலிருந்து கழற்றித் தராசில் வைத்தாள். முந்நூற்று நாற்பது. பிறகு வெட்டியெடுத்த துண்டை வைத்தாள். எட்டு. "குறைஞ்சது இந்த எட்டு கிராம்தான். மேடம் சொல்ற மாதிரி தலையில நான் கைவெக்கலை."

"அப்புறம் எப்படி இவ்வளவு லேசா இருக்கு?" என்று கேட்டார் நீதிபதி.

கூடையிலிருந்து வெட்டாத ஒரு பட்டரை எடுத்து அவரிடம் நீட்டினாள். "எழுந்து இதை எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடிச்சு ஆட்டுங்க, ஐயா. இப்ப கையை ரெண்டு அங்குலம் கீழ இறக்கிப் பிடிச்சு ஆட்டுங்க. வெட்டினாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்."

நீதிபதி ஆட்டினார். கையைக் கீழே இறக்கி மறுபடி ஆட்டினார். புருவம் உயர்ந்தது. "அட, தலையே காணாமப்போன மாதிரி இருக்கே" என்றார். கோல் மேஜையைச் சுற்றிக் கைமாறியது. ஒவ்வொருவராக ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தார்கள். கையிலிருந்து தலை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கனமாகத் தெரியும், பக்கத்தில் வந்தால் கனம் தெரியாது என்று அவள் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. பல் டாக்டர் மட்டும் கோலைத் தொடவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று பட்டறைக்காரி தராசை மூடினாள்.

நீதிபதி உட்காரவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு குறைச்சுக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார். "அன்னைக்கும் என்னை இதே மாதிரி கீழ பிடிக்கச் சொன்னீங்க. வெளிய கூட்டிட்டுப் போய்ப் பத்துப் பந்து தட்ட வெச்சீங்க. அதுக்கப்புறம்தான் வெட்டினீங்க."

"ஆமாங்க, ஐயா."

"எல்லாருக்கும் அப்படித்தானே?"

"எல்லாருக்கும் அப்படித்தான்."

"இவங்களுக்கு?"

பட்டறைக்காரி மூடிய தராசைக் கீழே வைத்தாள். வாயால சொன்னேன், கேக்கலை என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் பத்துப் பந்து தட்டவைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் நாத்தனாருக்குப் புரிந்திருக்கும் என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வாயோடு நிறுத்திக்கொண்டாள்.

"இவங்களுக்குக் காட்டலை" என்றாள். "சொன்னேன். ஆனா காட்டலை."

"ஏன்?"

"தோக்கட்டும்னு நெனைச்சேன்."

பல் டாக்டரின் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. "கேட்டீங்களா? அவ வாயாலேயே வந்துருச்சு" என்றாள். ஆனால் குரலில் எதிர்பார்த்த வேகம் இல்லை. இப்படி நேராக ஒப்புக்கொள்வாள் என்று அவளும் நினைத்திருக்கவில்லை போல.

கமிட்டி கால் மணி நேரம் பேசியது. பட்டறையைக் காலிசெய்யச் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டரை உரியவர் திருப்திப்படுகிற வரைக்கும் சரிசெய்து தரவேண்டும் என்று ஒரு உத்தரவு. பட்டறைக்காரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பல் டாக்டர் வந்து பட்டறையிலேயே நின்றுகொண்டாள். ஸ்டூலைக் காட்டினாலும் உட்காரவில்லை.

"நின்னு பாத்துட்டு இருப்பேன். மறுபடி எதையாவது பண்ணிடுவ."

"பாருங்க."

தலையின் அடிப்பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டாள் பட்டறைக்காரி. ஈயத்தைச் சின்னச் சின்ன உருளையாக வெட்டி, தராசில் நிறுத்து, பன்னிரண்டு பன்னிரண்டு கிராமாக உள்ளே அடித்து இறக்கினாள். மேலே இழைத்து மூடினாள். தொட்டுப் பார்த்தாலும் ஓட்டை இருந்த இடம் தெரியாது. ஈயப் பட்டையை வெளியே ஒட்டினாலே போதும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் இந்தத் தலைமேல் எதையும் ஒட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"இருபத்தி நாலு கிராம்" என்றாள். "எடுத்துப் பாருங்க."

இருவரும் பயிற்சிப் புல்தரைக்குப் போனார்கள். பல் டாக்டர் குனிந்து நின்றாள். பத்தடியில் முதல் பந்து குழியின் உதட்டில் நின்றது. அடுத்தது உள்ளே விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. ஏழு பந்து வரை அவள் நிமிரவே இல்லை.

"இதை நீ செஞ்சதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள், பந்தைப் பார்த்தபடியே.

"தெரிஞ்சேதான் கேட்டு வாங்கினீங்களா?"

"தெரிஞ்சேதான். இந்தக் கிளப்புல இதைவிட நல்ல பட்டர் கெடையாது. எனக்கொண்ணு செஞ்சு குடுன்னு உன்கிட்ட வந்து நிக்க என்னால முடியாது. அவன்கிட்டக் கேட்டா குடுப்பான்." நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "பாராட்டறேன்னு நெனைச்சுக்காத."

"நெனைக்கலை."

"நேத்து கமிட்டியில நீ சொன்னதையும் நான் மறக்கப்போறதில்ல."

"மறக்க வேணாம். நீங்க எங்க வீட்டுல வந்து எடுத்துட்டுப் போனதை நானும் மறக்கலை. இனிமே எது வேணும்னாலும் என்கிட்டக் கேளுங்க. தரமாட்டேன்னு சொல்ற உரிமையாவது எனக்கு இருக்கட்டும்."

பல் டாக்டர் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மாதம் கோப்பையை அவள்தான் வாங்கினாள். மேடையில் யார் யாருக்கோ நன்றி சொன்னாள். அந்தப் பட்டியலில் பட்டறை இல்லை. பட்டறைக்காரியும் கைதட்டப் போகவில்லை. அன்றைக்கு அவளுக்கு இரண்டு பிடி மாற்றுகிற வேலை இருந்தது.

கணவன்தான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தான். எல்லாம் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டது என்று அவனுக்கு எண்ணம்.

"அக்கா ஜெயிச்சுட்டா, கேள்விப்பட்டியா? பட்டரைத் தூக்கிக் காட்டினா பாரு, எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசறாங்க." கொஞ்சம் தயங்கினான். "எனக்கும் மறுபடி ஆடலாம்னு தோணுது. அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு தருவியா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"கடையில வாங்கிக்குங்க" என்றாள். "முப்பத்தஞ்சு அங்குலம் எந்தக் கடையிலயும் கெடைக்கும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.