ஏழாம் எண் கிளாஸ்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வாரமே அந்த வேன் ஓட்டுநர் தன் மனைவியை ஒயின் தோட்டங்களுக்குச் சுற்றுலா அழைத்துப் போனார். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு பேருக்கும் முழு டிக்கெட் வாங்கித்தான் போனார். பத்தொன்பது வருடமாகக் கொடுத்துவந்த வாக்கு அது. இந்த சீசன் முடியட்டும், பெரியவள் பரீட்சை முடியட்டும், சின்னவன் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். முடிய வேண்டியதெல்லாம் அதது பாட்டுக்கு முடிந்தது. வாக்கு மட்டும் அப்படியே கிடந்தது.

மனைவியோ ஒன்பது மணி வேனுக்கு ஆறரைக்கே தயாராகி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச் செருப்பு வேறு. நேற்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகியிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. காரணம் இல்லாமல் இல்லை. இந்த மனிதர் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தார், அதுவும் பத்தொன்பது வருடப் பழைய பொய்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் அது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டு விற்காமல் போனால், அன்றைக்கு ஓட்டுநர் தன் வீட்டு ஆள் ஒருவரை அதில் அழைத்துவரலாம் என்று கம்பெனியே விதி வைத்திருந்தது. ஊரே வீட்டில் இருக்கிற விடுமுறை நாளில்தான் இவர்களுக்கு வேலை. அதற்கு ஈடாக முதலாளி கொடுத்த சலுகை. மற்ற ஓட்டுநர்கள் மனைவி, அம்மா, மாமியார், கொழுந்தியா என்று ஆள் மாற்றி ஆள் அழைத்துவந்தார்கள். நம் ஆள் மட்டும் வீட்டில் வேறு கதை சொன்னார். "வீட்டு ஆளை ஏத்தினா வேலையே போயிடும்மா. முன் சீட்டு ஐஸ் பெட்டி வைக்கிற இடம்." வாங்கின பாட்டில்கள் வெயிலில் கெட்டுப்போகாமல் இருக்க வேனில் ஒரு ஐஸ் பெட்டி உண்டு. அந்தப் பெட்டியைத்தான் தன் மனைவியின் இடத்தில் உட்காரவைத்து பத்தொன்பது வருடம் ஊர் சுற்றிக் காட்டினார் மனிதர்.

ஏன் அப்படிச் செய்தார் என்றால், வெட்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கம்பெனி விழாவுக்கு மனைவியைக் கூட்டிப் போயிருந்தார். ஒயின் ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு வாளியில் துப்புவார்கள் என்று யாரோ விளக்க, அவள் நேராக முதலாளியிடமே கேட்டுவிட்டாள். "ஏங்க, எப்படியும் வாளிக்குத்தானே போகப் போகுது, பாட்டில்ல இருந்து நேரா அதுலயே ஊத்திட்டா என்ன?" கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். அவள் சிரிப்பு லேசுப்பட்டதில்லை. மூன்று வீடு தள்ளிக் கேட்கும். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, முதலாளி கண்ணீர் வரச் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். தன் பெண்டாட்டியைக் கேலி செய்கிறார்கள் என்று இவர் எடுத்துக்கொண்டார். காது மடல் சிவந்துபோக நின்றவர், இவளை இனிமேல் நாலு பெரிய மனுஷங்க நடுவில் கூட்டிவரவே கூடாது என்று அங்கேயே முடிவு கட்டினார்.

இன்றைக்கு அந்தப் பொய் வெளியே வராமல் ஒரு நாளை நல்லபடியாக முடித்துவிட்டால் போதும் என்பதுதான் அவர் கணக்கு. அதற்காகவே தேடித் தேடி ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவர் பொய்யை உடைத்துவிடக்கூடிய மேட்டுத் தோட்டம் அதில் கிடையாது.

வேன் வந்தது. இவர் இடத்துக்குச் சேர்ந்த புது ஓட்டுநர் இறங்கிவந்து கைகொடுத்தான்.

"வாங்கண்ணே, வாங்க அண்ணி. இன்னைக்கு ஒரு சின்ன மாத்தம். ரெண்டாவது தோட்டத்துல கூரை ஒழுகுதாம், பூட்டிட்டாங்க. அதுக்குப் பதிலா மேட்டுத் தோட்டம் போறோம்."

ஓட்டுநர் அவனைத் தனியாக ஓரம் இழுத்தார். "வேற ஏதாவது இடம் பாக்கக் கூடாதாப்பா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சுண்ணே. உங்களுக்கு அங்க எல்லாரும் பழக்கம்தானே?"

பழக்கம்தான். அதுதானே தொல்லை.

மனைவி இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் அவர். பின்னால் ஒரு புதுமண ஜோடி, ஒரே அலுவலகத்துப் பெண்கள் நான்கு பேர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். வண்டி கிளம்பி இரண்டு தெரு தாண்டவில்லை, அவள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"என்னங்க, முன் சீட்டு காலியா இருக்கே. ஐஸ் பெட்டி எங்க?"

"பின்னாடி இருக்கு."

"பெட்டிக்குத்தான் அந்த சீட்டுன்னு சொல்லுவீங்க?"

"இது புது வண்டிம்மா. இதுல பின்னாடி இடம் விட்டுக் கட்டியிருக்காங்க."

புது ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு தடவை இவரைப் பார்த்தான். பழைய வண்டியிலும் பெட்டிக்குப் பின்னால் இடம் உண்டு என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் தன் பாட்டுக்கு வண்டியை ஓட்டினான். இவர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்றையும் சேர்த்தாயிற்று.

முதல் தோட்டத்தில் நீளமான மரமேசை போட்டு, ஆளுக்கு மூன்று கிளாஸ் வைத்திருந்தார்கள். தட்டில் பாலாடைக்கட்டி இரண்டு வகை, வால்நட், உலர்ந்த அத்திப்பழம், ஒரு துண்டு கறுப்புச் சாக்லேட். ஊற்றிக் கொடுத்த பையன் பாடம் ஒப்பித்தான். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், சுழற்றுங்கள், முதலில் மூக்கு, அப்புறம்தான் நாக்கு. ஓட்டுநருக்கு அந்தப் பேச்சு தலைகீழ்ப் பாடம். வாசலோரம் நின்று ஆயிரம் தடவை கேட்டிருப்பார். ஓட்டுகிறவர் வாய் வைக்கக் கூடாது என்பதால் ருசி மட்டும் தெரியாது. இன்று முதல் தடவையாகக் குடித்தார். மனசில் மேட்டுத் தோட்டம் உட்கார்ந்திருந்ததால் மூன்றும் ஒரே மாதிரி புளித்தன.

பையன் வெள்ளை ஒயினைக் காட்டி, என்ன தோன்றுகிறது என்று எல்லோரையும் கேட்டான். பெரிய பெரிய வார்த்தைகள் வந்தன. ஆசிரியர் "கம்பீரம்" என்றார். மனைவியின் முறை வந்தது. ஓட்டுநர் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டார்.

"பச்சை ஆப்பிளை நறுக்கிட்டு, அந்தக் கத்தியை நக்கின மாதிரி இருக்கு தம்பி."

பையன் இன்னொரு மடக்கு குடித்துப் பார்த்தான். "அதேதாங்க. அந்தக் கத்திதான் எனக்கு இத்தனை நாளா சிக்கல" என்று சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்துக் குறித்துக்கொண்டான்.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. உப்புக் கரித்த பாலாடைக்கட்டியை இனிப்பு ஒயினோடு சேர்த்துத் தின்று பார்த்தாள். "இதுக்கு அதுதான் ஜோடி. சாக்லேட்டோட வேணாம், ரெண்டும் இனிச்சு ஒண்ணையொண்ணு அமுக்கிடுது" என்றாள். அலுவலகப் பெண்கள் நான்கு பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார்கள். பிறகு அவள் கண் வாளியில் விழுந்தது. வாளியைப் பற்றிய அதே பழைய கேள்வி, அதே சிரிப்பு. மேசை மொத்தமும் சிரித்தது. பையன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். புதுப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க எங்க கூடவே உக்காருங்க" என்றாள்.

ஓட்டுநர் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் கேலி இல்லை. அன்று விழாவிலும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். பாவி மனிதர் நிமிர்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இவள் தனியாக உட்கார்ந்து துணி மடித்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தார்.

மேட்டுத் தோட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடப் பாதை. அங்கே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ருசி பார்க்கும் அறையில் ஊற்றிக் கொடுக்கும் அம்மாள் ஒருத்தி, ஓட்டுநர்களால் குடிக்க முடியவில்லையே என்று, ஒவ்வொரு வேனுக்கும் ஒரு கிளாஸ் எடுத்துவைத்து எண் எழுதியிருந்தாள். காலி சீட்டில் வரும் வீட்டு ஆளுக்கு அந்தக் கிளாஸில்தான் ஊற்றுவாள். சுவரோரம் வரிசையாகத் தொங்கும். இவருடைய வண்டி ஏழு.

சொல்லிவிட இருபத்தைந்து நிமிடம் தாராளம். அந்த அம்மாள் வாயால் மனைவி கேட்பதைவிட நம் வாயால் சொல்வது மேல் என்று அவருக்கும் தெரிந்தது.

"என்னங்க, இப்படி இருக்கும்னு ஒரு நாள்கூட சொல்லலியே நீங்க" என்றாள் மனைவி. முகமெல்லாம் பூரிப்பு.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

அவள் திரும்பி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"தண்ணி குடிக்கிறியா?"

"இதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகையா?" என்று அவள் சிரித்தாள். பின்னால் இருந்தவர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள்.

மேட்டுத் தோட்டத்து அம்மாள் இவரைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணே, வேலையை விட்டுட்டீங்களாமே. இவங்கதான் அக்காவா? ஒரு நிமிஷம் இருங்க, ஒரு நிமிஷம்." நாற்காலி போட்டு ஏறி, சுவரோரம் தொங்கிய கிளாஸ்களில் ஒன்றை எடுத்தாள். மற்றவற்றில் எண்கள் தேய்ந்து பாதி அழிந்திருந்தன. இதில் ஏழு பளிச்சென்று இருந்தது.

"இந்தாங்க அக்கா, உங்க கிளாஸ். பத்தொன்பது வருஷமா வாராவாரம் தூசி தட்டித் தட்டி வைக்கிறேன். ஒரு சொட்டு ஊத்தினதில்ல."

"என் கிளாஸா?"

"வண்டிக்காரங்க வீட்டுக்குன்னு வச்சது. முன் சீட்டு காலியா இருந்தா வீட்டு ஆளைக் கூட்டிட்டு வரலாமில்ல, அவங்களுக்கு. எல்லா வண்டி வீட்டுலேர்ந்தும் வந்தாச்சு. மூணாம் நம்பர் மாமியார் மட்டும் இருபது தடவை வந்திருப்பாங்க. அண்ணன் வண்டியிலயும் முன் சீட்டு காலியாத்தான் வரும், வெறும் பெட்டியைத் தூக்கி வச்சிருப்பாரு. அண்ணே, அக்கா எங்கன்னு நானும் கேட்டு அலுத்துட்டேன்."

ஓட்டுநருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மனைவி கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து அந்த எண்ணைப் பார்த்தாள். கட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள், அழிகிறதா என்று. அழியவில்லை.

"அவரு கூப்பிடத்தான் செஞ்சாரும்மா" என்றாள். "வாரா வாரம் கூப்பிடுவாரு. நான்தான் வீட்டுல வேலை கிடக்கு, வரலைன்னு சொல்லிடுவேன்."

"நல்ல ஆளு போங்க" என்று அந்த அம்மாள் சிவப்பு ஒயினை ஊற்றினாள். "எப்படி இருக்கு, சொல்லுங்க."

அலுவலகப் பெண்கள் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். அவள் ஒரு மடக்கு குடித்தாள்.

"நல்லாயிருக்கும்மா" என்றாள். அவ்வளவுதான்.

நாலு பேர் நடுவில் இவள் தன் மானத்தை வாங்கிவிடுவாள் என்று பயந்து பயந்தே காலத்தை ஓட்டியவர் அவர். அதே நாலு பேர் நடுவில் அவள் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

கிளம்பும்போது அந்த அம்மாள் கிளாஸைக் காகிதத்தில் சுற்றி மனைவி கையில் கொடுத்தாள். மற்றவர்கள் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேனுக்குப் பக்கத்தில் இருவரும் தனியாக நின்றார்கள். கொடி வரிசைகளுக்கு நடுவே யாரோ தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நான் சத்தமா சிரிப்பேன்னுதானே?" என்று அவள் கேட்டாள். கோபமே இல்லாத குரல்.

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவருக்கு அதுதான் பழக்கம்.

"ஆமா" என்றார்.

அவள் தலையாட்டினாள். "சொல்லியிருந்தா மெதுவா சிரிச்சிருப்பேனே."

"தப்பு என்மேலதான். உன்மேல இல்ல. இன்னைக்குத்தான் புரிஞ்சுது எனக்கு. இனிமே எங்க போனாலும்..."

"விடுங்க. வெயில்ல நிக்காதீங்க."

அதற்குள் புது ஓட்டுநர் வந்து முன்கதவைத் திறந்துவைத்தான். காலையிலிருந்து அவனுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "அண்ணி, முன்னாடி வந்து உக்காருங்க. இங்கேருந்து பாத்தாத்தான் இறக்கம் அழகா இருக்கும். காலியாத்தானே கிடக்கு."

"வேணாம் தம்பி" என்றாள் அவள். "அது ஐஸ் பெட்டி வைக்கிற இடம்."

சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே ஒருவருக்குத்தான் இடம். ஓட்டுநர் கொஞ்ச நேரம் படியில் நின்று பார்த்தார். பிறகு, இரண்டாவது வரிசையில் மற்றவர்களின் பாட்டில் பைகள் ஏறிவிட்டதால், வேறு வழியில்லாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி இறக்கத்தில் திரும்பியது. இரண்டு பக்கமும் கொடிகள், கீழே ஏரி, வெயில் சாய்ந்து எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியர் பாதி வழியில் ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். வேன் முழுக்கச் சிரித்தது. ஓட்டுநர் மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டார். புதுப்பெண்ணின் சிரிப்பு கேட்டது, அலுவலகப் பெண்களின் சிரிப்பு கேட்டது, புது ஓட்டுநரின் சிரிப்பும் கேட்டது. மூன்று வீடு தள்ளிக் கேட்கிற அந்தச் சிரிப்பு மட்டும், வீடு வந்து சேரும்வரை கேட்கவில்லை.