கிழியாத கழுத்து

இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்து அழுத்திப் பிடித்தாள் திலகவதி. இழுத்துத் தேய்த்தால், கழுத்து விறைப்பாக நிற்க உள்ளே வைத்து ஒட்டும் கேன்வாஸ் துணி நகர்ந்து சுருங்கிவிடும். அழுத்த வேண்டும், தூக்க வேண்டும், அடுத்த இடம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சட்டைக் கம்பெனியின் காலர் பிரிவில் அவளுக்கு அதுதான் வேலை. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒட்டிக்கொண்டிருந்தது அவளுடைய நைட்டியின் கழுத்து. ஏற்கெனவே ஒரு நைட்டிக்கு ஒட்டித் தைத்து அதை உடம்பில் போட்டிருந்தாள். இது அடுத்தது.

எந்தத் துணிக்கு எந்தக் கேன்வாஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பருத்திச் சட்டையின் காலருக்குத் தடித்த நெசவுக் கேன்வாஸ். ரேயானுக்குக் காகிதம் மாதிரி மெல்லியது. ஜார்ஜெட்டுக்கு அதையும்விட மெல்லியது, இல்லாவிட்டால் பசை புள்ளி புள்ளியாக வெளியே கசியும். பனியன் துணிக்கு இழுத்தால் நீளும் வகை. துணியைவிடக் கேன்வாஸ் முரடாக இருக்கவே கூடாது. இருந்தும் இந்த மெல்லிய பூப்போட்ட நைட்டிக்குச் சட்டைக் காலரின் தடித்த கேன்வாஸ் துண்டுகளைத்தான் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பக்கத்து மேசை மோனிகா அப்போதே சிரித்தாள்.

"இன்னாக்கா, நைட்டிக்குப் போயி இதயா வைப்ப? கழுத்து தகரம் மாரி நிக்கும். போலீஸ்காரம்மா கணக்கா இருப்ப."

"நிக்கட்டும்டி. எனக்கு அதான் வேணும்."

கணவன் சின்னராசு அடிக்கும்போது முதலில் கழுத்துத் துணியைத்தான் பிடிப்பான். பிடித்து இழுத்தால் கிழியும். அடி உடம்புக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது. கிழிசல் தெரியும். குழாயடியில் அதைக் கையால் மூடிக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அடியை நிறுத்த அவளுக்கு வழி தெரியவில்லை. கிழிசலை நிறுத்தத் தெரிந்திருந்தது.

கட்டிலில் கிடந்த அவள் போன் அடித்தது. சின்னராசு எடுத்துப் பார்த்தான். நேற்றுக் குடித்தது இன்னும் இறங்கவில்லை.

"யார்டி இவன் பீட்டரு? ஞாயித்துக்கெழம கூட உன்ன பாக்காம இருக்க முடியலயாமா?"

"சூப்பர்வைசருய்யா. அவசர ஆர்டரு இருக்கும், அதான் கூப்புடறாரு."

"ஆர்டரா? யாருகிட்ட கத உட்டுக்கினு கீற?"

போன் சுவரில் மோதிச் சிதறியது. அடுத்து அவன் கை கழுத்துக்கு வந்தது. கொத்தாகப் பிடித்து இழுத்தான். கிழியவில்லை.

எப்போதும் துணி கிழிந்து அவன் கையோடு போகும், இவள் விலகி விழுவாள், ஒரு மூச்சு கிடைக்கும். இத்தனை நாள் தன்னை விடுவித்தது அந்தக் கிழிசல்தான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் முறுக்கினான். தடித்த விளிம்பு தொண்டையில் இறங்கியது. தையலும் விடவில்லை, அவள் போட்ட தையல். பின்மண்டை சுவரில் இடித்தது. மறுபடி இடித்தது.

"கிழிடி! இன்னா துணி இது, கிழிடி!"

உள்ளே ஒருத்தி இருப்பதையே மறந்து துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு அறை இருண்டுகொண்டு வந்தது. மேசையைத் துழாவிய கையில் இஸ்திரிப் பெட்டி தட்டுப்பட்டது. அவன் முழங்கையில் வைத்து அழுத்தினாள். ரோமம் பொசுங்கும் நாற்றம். அலறிக்கொண்டு கையை விட்டான்.

கதவு தட்டப்பட்டது. கோயிலில் பூசை முடிந்து வந்திருந்த பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி.

"திலகா, இன்னாமே சத்தம்?"

"ஒன்னுமில்லக்கா, பாத்திரம் உழுந்துச்சு" என்பது அவள் வழக்கமான பதில். வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு சின்னராசு பல்லைக் கடித்தான்.

"ஒன்னுமில்லன்னு சொல்லுடி."

தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். வெயில் உள்ளே விழுந்தது. அவன் கை போன பிறகும் விறைத்த கேன்வாஸில் முறுக்கு கழுத்தைச் சுற்றி அப்படியே நின்றது. இரண்டு விரலை உள்ளே நுழைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் ஊதி நீலம் பாய்ந்திருந்தது.

"இது எங்க ஊட்டு விசயம். நீ போ" என்றான் அவன்.

ஆரோக்கியமேரி அவன் பக்கம் திரும்பவே இல்லை. வாசற்படியில் மண்டியிட்டு, அந்த விளிம்பைப் பல்லால் கவ்வி, தலையை ஒரு பக்கமாக வெட்டி இழுத்தாள். கிழியவில்லை. குழாயடியில் இருந்தவர்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவள் மறுபடி கடித்தாள்.