ஸ்டோர் ரூமில் ஒரு பழைய வெர்ஷன்

செத்து இரண்டு வருடமான தம்பி ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்துவிட்டான், வழக்கம்போலத் தாமதமாக. பையை நாற்காலியில் மாட்டினான். தன் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டான். பிறகு காலியாக இருந்த ஒன்றின் முன் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை இருந்தது, மதியத்துக்குள் பழகிவிட்டார்கள். இவனுக்குப் புது அடையாள அட்டை கொடுக்கலாமா என்று மேனேஜர் மட்டும் மேலிடத்துக்கு மெயில் போட்டார். பதில் இன்றுவரை வரவில்லை.

காரணம் தெரிந்தவள் அவனுடைய அக்கா ஒருத்திதான். அவளும் அங்கேயே வேலை பார்த்தாள். யாரோ எழுதிவைத்த நிரல்களை, லைப்ரரி என்பார்கள், எடுத்துத் தங்கள் சாஃப்ட்வேரில் பொருத்தும்போது ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அந்தச் சிக்கலைப் பிரிப்பது அவள் வேலை. நேரத்தைக் கணக்கிடும் லைப்ரரிக்குப் புது வெர்ஷன் வந்திருந்தது. மருந்து வேளையைச் சொல்லும் பகுதிக்குப் புதியதுதான் வேண்டும். லாரி மோதிச் சாவதற்கு முன் தம்பி எழுதிய, படுக்கை ஒதுக்கும் பகுதியோ பழையதைத் தவிர வேறெதையும் ஏற்காது. 'இது மட்டும்தான்' என்று அதில் எழுதிவைத்திருந்தான், பிடிவாதக்காரன். ஒத்துவராது என்று கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் கத்தியது. அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவளுக்கு வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு கட்டளையைச் சேர்த்து, இரண்டு வெர்ஷனையும் ஒரே இடத்தில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தொழிலில் செய்யாதவர் இல்லாத தப்பு. அதிலிருந்து அங்கே இரண்டு காலங்கள் சேர்ந்தே ஓடின. ஒன்றில் தம்பி உயிரோடிருந்தான்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் பட்டுவிடுமோ என்று அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. ஆனால் அதே திங்கட்கிழமையிலிருந்து அந்த சாஃப்ட்வேர் ஓடிய ஆஸ்பத்திரியில் நோயாளிகள் ஒவ்வொருவராகக் கண் விழிக்காமல் போனார்கள். நாடி சரியாக இருந்தது, மூச்சு சரியாக இருந்தது; இரண்டு காலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தூங்கினார்கள். டாக்டர்கள் கையை விரித்தார்கள். வார்டு நர்ஸ் தினமும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

“மேடம், இன்னைக்கு ஒரு சின்னப் பொண்ணு. அவங்கம்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, கண்ணத் தொறக்க மாட்டேங்குது. எதாவது பண்ணுங்க மேடம்.”

பழைய வெர்ஷனைக் கேட்பது யார் எழுதிய பகுதி என்று அவள் சாஃப்ட்வேருக்குள் கிளை கிளையாகத் தேடிப்போனாள். விடை தெரிந்தே தேடினாள், வேறு யார் பெயராவது வராதா என்ற நப்பாசைதான். அடியில் தம்பியின் பகுதி மட்டுமே இருந்தது. புதியதையும் ஏற்கும்படி அதை மாற்றித் தரச் சொல்லி அவனையே கேட்டாள். அவன் அடித்த ஒவ்வொரு எழுத்தும் திரையில் தோன்றித் தோன்றி மறைந்தது. “புதுசுல என்னால ஓட முடியலக்கா. எங்கயோ நின்னுபோகுது, ஏன்னு புரியல,” என்றான். ஏனென்று அவளுக்குப் புரிந்தது. சொல்லவில்லை.

அவனுடைய பகுதியைப் புதியதற்கு ஏற்றபடி அவளே திருப்பி எழுதினாள். பழைய வெர்ஷனை அழிக்க மனம் வரவில்லை. ஒத்துப்போகாததைத் தனியறையில் போட்டுப் பூட்டி ஓடவிடுவது அவர்கள் தொழிலில் உள்ள வழக்கம்தான். எதோடும் இணைக்காத பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதை ஏற்றி, உடைந்த நாற்காலிகளும் ரிப்பேரான பிரிண்டர்களும் கிடக்கும் ஸ்டோர் ரூமில் வைத்தாள். தம்பியும் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். அன்று மதியம் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள். அந்தச் சின்னப் பெண்ணும் எழுந்தாள். ஒரு பெரியவர் மட்டும் எழவே இல்லை. அவருக்காக யாரும் அக்காவைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

ஸ்டோர் ரூமில் தம்பிக்கு ஒரே நாள்தான், தன் பகுதியை எழுதி முடித்த அந்த நாள். அது சாயங்காலம் முடிந்து மறுநாள் காலை மறுபடி தொடங்கும். வாசற்படியைத் தாண்ட அவனுக்குக் கால் வராது. அக்கா மனம் கேட்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். மகன் போனபிறகு அவளுக்குத் தலை பஞ்சாக வெளுத்திருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது, முன்பல் இரண்டு விழுந்திருந்தன. அக்காவை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் முகத்தில் அந்த இரண்டு வருடம் அவ்வளவாக விழவில்லை. அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாருக்கா இவங்க, யாரத் தேடி வந்திருக்காங்க?” என்று மரியாதையாகக் கேட்டான்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அம்மா சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

“பெருக்க வந்தேன்ப்பா. நீ உன் வேலையப் பாரு.”

அதற்குப் பிறகு மூன்று மேனேஜர்கள் மாறிவிட்டார்கள். ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது, அங்கே மட்டும் பெருக்குகிற அம்மாளுக்கு வருகைப் பதிவு கிடையாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அவள் காலையில் முதல் பஸ்ஸில் வருகிறாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு கால்களையும் தூக்கிக்கொள்கிறான். குப்பையே இல்லாத அந்த இடத்தை அவள் நிதானமாகப் பெருக்குகிறாள்.