துணி காயும் அறை

அக்காவுக்குக் காய்ச்சல் வந்த சேதி, அது விட்ட பிறகுதான் தங்கைக்குத் தெரிந்தது.

"எதிர்வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கலாமே?" என்று கடிந்துகொண்டாள்.

"அங்க யார் இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுல ஒரு தும்மல்காரர் இருக்கார். காலைல எழுந்ததும் சுவர் அதிரத் தும்முவார். அவர் மூக்கைத் தெரியும், முகத்தைத் தெரியாது." அக்கா சிரித்தாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவர் போன பிறகு அக்கா இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. லிஃப்ட்டை விட்டு இறங்கினால் பட்டப்பகலிலும் விளக்கு எரியும் நீண்ட நடைபாதை. இருபுறமும் சாத்திய கதவுகள். இரண்டு பேர் நின்று பேச வேண்டுமானால் ஒருவர் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தங்கை கட்டட வடிவமைப்பாளர். பக்கத்து மனையில் இதே அச்சில் இன்னொரு கட்டடம் எழும்ப இருந்தது. அதை வரையும் வேலை அவளிடம்தான் வந்திருந்தது. பழைய வரைபடத்தையே கொஞ்சம் தட்டிக்கொட்டிக் கொடுத்தால் போதும் என்று கட்டுமான நிறுவனத்தின் நிர்வாகி சொல்லியிருந்தார்.

மறுநாள் அவர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மாடிக்கு மாடி லிஃப்ட் பக்கத்துல ஒரு பொது அறை வேணும் சார். ஜன்னலோட."

"அதுல யார் குடியிருப்பாங்க?"

"யாரும் இல்ல. எல்லாரும் வந்து போவாங்க."

"விக்க முடியாத இடத்தை நான் எதுக்குக் கட்டணும்? கதவைச் சாத்திட்டு நிம்மதியா இருக்கத்தான் மேடம் ஜனங்க வீடு வாங்குறாங்க."

"பழைய கட்டடத்துல ஒரு மாடியில செஞ்சு காட்டறேன். சரிவரலைன்னா நீங்க சொன்னதையே வரையறேன்."

'எப்படியோ போ' என்பது போல அவர் கையை அசைத்தார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அக்காவின் மாடியில் லிஃப்ட்டை ஒட்டி, உடைசல் சாமான்களை அடைத்துப் பூட்டிய அறை ஒன்று இருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரை நச்சரித்துச் சாவி வாங்கினாள். உடைசலை ஒழித்தாள். நடைபாதைப் பக்கத்துத் தடுப்பை ஆள் வைத்து எடுத்தாள். ஜன்னலை மூடியிருந்த பலகையைப் பெயர்த்ததும் வெயில் லிஃப்ட் வாசல்வரை வந்து விழுந்தது. இரண்டு பெஞ்சும் ஒரு மேசையும் போட்டாள்.

ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அக்காவே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"சும்மா போய் உக்காந்தா, 'இவளுக்கு வேற வேலைவெட்டி இல்லையா'ன்னு நினைக்க மாட்டாங்க? நீ வேணா உக்காரு, கடைப் பொம்மை மாதிரி."

தங்கைக்குச் சுருக்கென்றது. முகம் கழுவிவிட்டுக் கொடியிலிருந்து துண்டை எடுத்தாள். குப்பென்று ஈரவாடை.

"என்னக்கா இது?"

"இந்த மாடியில எந்த வீட்டுக்கும் வெயிலே கிடையாதுடி. இங்க எதுவும் காயாது."

துண்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பெஞ்சு போட்டால் போதாது. அங்கே வந்து நிற்க மனிதர்களுக்கு ஒரு சாக்கு வேண்டும். மறுநாளே அந்த அறையில் கொக்கி அடித்து, சுவருக்குச் சுவர் கொடி கட்டினாள்.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு நர்ஸ். வெள்ளைச் சீருடைகளை உதறிப் போட்டாள். பிறகு போர்வையோடு வந்த ஒரு நெட்டை மனிதர், அதை விரிக்கும்போதே அறை அதிரத் தும்மினார். துணிக் கூடையோடு நின்ற அக்கா, "அட, நீங்கதானா அது!" என்றாள். அவர் காரணம் புரியாமலே மன்னிப்புக் கேட்டார்.

சில வாரம் கழித்து நிர்வாகி பார்க்க வந்தபோது உள்ளே அமளி. அக்காவின் ஈரத்துணியை நிழல் பக்கம் தள்ளிவிட்டு நர்ஸ் தன் சீருடைகளைப் போட்டிருந்தாள்.

"இன்னிக்கு முதல்ல வந்தவ நான். யாரைக் கேட்டு எடுத்தே?"

"எனக்குச் சாயந்திரம் டியூட்டிக்கா. போட்டுக்க வேற இல்ல."

நிர்வாகி தங்கை பக்கம் திரும்பினார். "இதுக்குத்தான் இடம் கேட்டீங்களா மேடம்? சண்டை போடவா?"

தங்கை அவரை நேராகப் பார்த்தாள். குரல் இறங்கவில்லை. "ஆமா சார். போன மாசம் இவங்க ரெண்டு பேருக்கும் சண்டை போடற அளவுக்குக்கூடப் பழக்கம் இல்ல. எங்கக்கா காய்ச்சல்ல தனியா கிடந்தா. எதிர்வீட்டுல ஒரு நர்ஸ் இருக்கறதே அவளுக்குத் தெரியாது."

நர்ஸ் அக்கா பக்கம் திரும்பினாள். "காய்ச்சலா? எப்போக்கா? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

"உன்னைத் தெரிஞ்சாத்தானே கொடுக்க?" என்ற அக்கா, ஒரு சீருடையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் ஈரம். கொண்டா, இஸ்திரி போட்டுக் காய வெச்சுத் தர்றேன். நாளைலேர்ந்து கேட்டுட்டு நகர்த்து."

நிர்வாகி கொடிகளை அண்ணாந்து பார்த்தார். "புதுக் கட்டடத்துல ஒரு மாடி விட்டு ஒரு மாடிக்கு அறை. அதுக்கு மேல என்னால முடியாது."

"அப்போ நடுவுல இருக்கற மாடிப்படியை என் இஷ்டத்துக்கு விடுங்க. அகலமா, வெளிச்சமா, லிஃப்ட்டுக்கு எதிர்லயே."

"விடமாட்டீங்களே?"

"விடமாட்டேன் சார்."

அவர் சரியென்று தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே தங்கை பழைய வரைபடத்தை மேசையில் விரித்தாள். நடைபாதைக் கோடியில் இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மாடிப்படியை எடுத்து லிஃப்ட்டுக்கு எதிரே வைத்தாள். துணிக்கூடையோடு ஏறுகிறவளும் வெறுங்கையோடு இறங்குகிறவரும் பாதியில் நின்று ஊர்க்கதை பேசினாலும், மூன்றாவது ஆள் இடிக்காமல் போக வேண்டும். முதலில் போட்ட கோடு போதவில்லை. அழித்துவிட்டு, இன்னும் தள்ளிப் போட்டாள்.