சின்னசாமியின் புகார்

கிணற்றடியில் மோட்டார் இருந்த இடத்தில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நின்றன. கேபிளையும் அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வேர்க்கடலை பூவிட்டிருந்த நேரம். சின்னசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம ஊர் ஸ்டேஷன்லயே எழுதிக் குடுத்துடுப்பா," என்றாள் மகள் இனியா. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வேலை அவளுக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி டவுனில் கிரிவலப் பந்தோபஸ்துக்குப் போலீஸ் போய்ப்போய், ஆளில்லாமல் கடைசியில் பூட்டியே போட்டுவிட்ட ஸ்டேஷன் அது. ஒன்பது வருஷம் கழித்துப் போன மாதம்தான் திறந்தார்கள். அதற்காக வீடு வீடாய் ஏறிக் கையெழுத்து வாங்கியவள் இனியாதான்.

சரி என்று வண்டியை எடுத்தவர், ஸ்டேஷன் வாசலில் திரும்பவில்லை. பதினாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அடுத்த ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த ஏட்டு விவரத்தைக் கேட்டுவிட்டு, "இப்ப உங்க லிமிட்டு அங்க போயிடுச்சிங்களே. தொறக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க?" என்றார்.

திரும்பி வந்து ஊர் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். அரைநாள் லீவு போட்டு பஸ்ஸில் வந்து இறங்கிய இனியா அவரை அங்கேதான் பார்த்தாள்.

"இன்னும் உள்ள போவலயா? வாப்பா."

உள்ளே சுவரெல்லாம் புது பெயின்ட். பின்னறை ஜன்னல்கம்பி மட்டும் பழையது. புகார் வாங்கும் ரைட்டர் மணிமொழி மரியாதையாகப் பேசினாள். சின்னசாமியின் வலக்கை விரல்கள் சரியாக மடங்காது, கையெழுத்து மட்டும் கிறுக்குவார்; இனியாதான் எழுதினாள்.

"இதுக்கு முன்னாடி இங்க ஏதாவது புகார் குடுத்திருக்கீங்களாய்யா?"

"புகார் குடுத்ததில்லீங்க. வந்திருக்கேன்."

எதற்கு என்று மணிமொழி கேட்டாள். அவர் பின்னறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் டிரான்ஸ்பார்மர் கம்பி திருடு போனது. சந்தேகம் என்று கூட்டிவந்தார்கள். மூன்று நாள். நான்காம் நாள் கம்பி வேறொருவனிடம் அகப்பட்டது. போகச் சொல்லிவிட்டார்கள்.

மெஷினில் சிக்கி விரல் முடங்கிய கை என்று நம்பி வளர்ந்தவள் இனியா. எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தாள்.

"அப்ப நான் ஸ்கூல்ல படிச்சிக்கிட்டு இருந்தேங்க," என்றாள் மணிமொழி. ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் இனியா கேட்டாள்: "அப்புறம் ஏன்பா என் பேப்பர்ல கையெழுத்து போட்ட?"

"நம்ம தெரு எல்லம்மாள் கழுத்துல எவனோ சங்கிலி அறுத்தானே, அந்த வழியாத்தான் நீ பஸ் எறங்கி தனியா வர்ற. வேற இன்னா பண்ணச் சொல்ற?"

இனியா வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. சந்தேகத்தின் பேரில் ஓர் ஆளைக் கொண்டுவந்திருக்கிறார்களாம், சக்திவேல், காலனிப்பக்கம்.

"மோட்டார் கெடச்சிதாங்க?"

"இன்னும் இல்லீங்க. விசாரிச்சிக்கிட்டு இருக்கோம்."

அதே வார்த்தையைச் சொல்லித்தான் சின்னசாமியையும் அன்றைக்கு மூன்று நாள் வைத்திருந்தார்கள். சட்டையைப் போட்டதும் தெரியவில்லை, வண்டியை எடுத்ததும் தெரியவில்லை. இந்தமுறை புளியமரத்தடியில் நிற்காமல் நேரே உள்ளே போனார். சக்திவேல் பின்னறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். அடி எதுவும் வெளியில் தெரியவில்லை.

"இவர் எடுத்தத யாராவது பாத்தாங்களா?" என்று எஸ்.ஐ.யிடம் கேட்டார்.

"அத நாங்க பாத்துக்கறோம். நீங்க போங்க, கெடச்சா சொல்றோம்."

"இருக்கட்டுங்க. இவர் வீட்டுக்குப் போற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். புகார் என்னுது."

எஸ்.ஐ. முறைத்தார். மணிமொழி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். சின்னசாமி பின்னறை தெரிகிற மாதிரி தரையில் உட்கார்ந்தார். விஷயம் கேள்விப்பட்டு மத்தியானம் இனியாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு சக்திவேலை அனுப்பினார்கள். அவன் இவர்கள் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து போனான். மோட்டார் இன்றுவரை கிடைக்கவில்லை. புகாரை வாபஸ் வாங்குவதா வேண்டாமா என்று அப்பாவும் மகளும் இன்னும் பேசி முடிக்கவில்லை.