ஏழு லாரியை நிறுத்திய விசில்

1

1969-இல் பந்தல்குடி மாதர் சங்கத்துக் கஸ்தூரி ஒரே ஒரு விசிலில் ஏழு லாரிகளை நிறுத்தினாள். பாலவனத்தத்தில் உழுதுகொண்டிருந்த மாடுகளும் நின்றன. மேலே போன மேகம்கூட நின்றது, பெய்யத்தான் இல்லை.

இந்தக் கதை காதில் விழுந்த கதை. அப்போது நான்தான் சங்கத்துச் செயலாளர். ஆனால் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும்.

2

கஸ்தூரி மிகவும் அடக்கமான பெண். அவள் குனிந்த தலை

(விட்டுவிட்டேன். ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.)

சந்தோஷம் வந்தால் கஸ்தூரியின் இரண்டு விரலும் தானாக வாய்க்குப் போய்விடும். கும்மிப் போட்டியில் ஜெயித்ததும் மேடையிலேயே விசிலடித்தாள். தலைவி சங்கரம்மாள் அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: "பேட்ஜைக் குத்திட்டா நீ கஸ்தூரி இல்லட்டி, சங்கம். இன்னொரு வாட்டி விசில் கேட்டுச்சு, பேரை நீக்கிருவேன்."

கூட்டத்தில் வைத்து விதியாகவே ஆக்கினோம். நோட்டில் எழுதியவள் நான்.

(கஸ்தூரியின் மாமியார் சங்கத்துக்கென்றால் மட்டும்தான் வெளியே விடுவார். பேர் போனால், அப்புறம் அவளுக்கு அடுப்படிதான்.)

3

அருப்புக்கோட்டை மாநாட்டுக்குப் போகிற வழியில் பஸ் படுத்துவிட்டது. பச்சைக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் பதினோரு பேர், ரோட்டோரம், உச்சி வெயிலில். தூத்துக்குடி உப்பு லோடு லாரிகள் நிற்காமல் போயின.

"கையையாவது காட்டுவோம்க்கா," என்றாள் கஸ்தூரி.

"சங்கத்துப் பொம்பளைக ரோட்டுல கைகாட்டுறதா? அவுகளே பாத்து நிறுத்துவாக," என்றார் சங்கரம்மாள் அக்கா.

"அவுக நம்மளக் கொக்குக் கூட்டம்னுல்ல நெனச்சுப் போறாக!"

அப்புறம்தான் அந்த விசில். உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து பதினோரு பேரும் மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் அக்கா நோட்டில் எழுதச் சொன்ன வாசகம்: 'லாரி தானாக நின்றது.'

4

முடிவு ஒன்று: கஸ்தூரி நீக்கப்பட்டாள். (நடக்கவில்லை. 1978 வரை கும்மியில் அவள்தான் முன்னால்.)

முடிவு இரண்டு: கஸ்தூரி திருந்தி, விசிலையே மறந்து (எழுதினால் உதைப்பாள்.)

முடிவு மூன்று: விசிலே கிடையாது. இது சங்கரம்மாள் அக்கா கட்சி. இத்தனை வருஷமாக மாறவில்லை.

பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கத்தான் இருந்தேன். அதற்கு முன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அம்புட்டும் பொய்," என்றார். "ஏழு லாரியாம்! மூணுதாண்டி."

"மூணும் தானா நின்னுச்சாக்கா?"

மென்ற வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அடிச்சான்னு எழுதியிருந்தா அவளை நீக்கணும். நீக்கினா அந்த மாமியா வெளிய விடுமா? இப்பத்தான் அது போய்ச் சேந்துருச்சே, இனி என்ன. அன்னைக்கு அவ பேட்ஜைக் கழத்தி என் கையில குடுத்துட்டுத்தான் வெரலை வாயில வச்சா. சங்கம் என் கையில இருந்துச்சு. விசிலடிச்சது கஸ்தூரி. எழுதிக்க."